முதன்முறையாக மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஸ்கூபா பயிற்சி முடிந்து ஓப்பன் வாட்டர் என்னும் முதல்நிலைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலருக்கும் எழும் ஆசை, மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். நல்ல ஆசை. ஆனால் எந்தக் கப்பல் என்று கேட்டால், படத்தில் பார்த்த ஏதாவது ஒரு பெரிய பெயரைச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முதல் கப்பலை அதன் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எந்த நிலையில் கிடக்கிறது, அங்கே நீரோட்டம் எப்படி என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் சில டைவ்களில் கப்பலுக்கு உள்ளே போகவே வேண்டாம். வெளிப்புறத்தைச் சரியாகப் பார்க்கவே சிலிண்டர் காற்று போதாது என்பது இறங்கிய பிறகு தெரியும்.

தொடங்குவதற்கு வெப்பக் கடல்தான் வசதி. தண்ணீர் தெளிவாக இருக்கும், வெட்சூட் என்னும் ரப்பர் நீருடை மெல்லியதாக இருந்தாலே போதும், குளிரில் காற்று வேகமாகக் கரையாது. இரும்பு மேற்பரப்பில் பவளமும் கடற்பஞ்சும் சீக்கிரம் வளர்வதால் கப்பலே ஒரு பவளப்பாறையாக மாறிவிடுகிறது. அதே வெப்பக் கடலில் கப்பல்புழுக்கள் மரத்தை வேகமாகத் தின்றுவிடும். அதனால் இங்கே முழு உருவத்தோடு நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பிறகு கட்டப்பட்ட இரும்பு, எஃகுக் கப்பல்கள்தான்.

முதலில் ஆழக் கணக்கு

ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு வரம்பு 18 மீட்டர். அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு படித்தவர்களுக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். கப்பலைப் பற்றி விசாரிக்கும்போது இரண்டு ஆழங்களைக் கேளுங்கள்: அதன் உச்சி எங்கே தொடங்குகிறது, அது படுத்திருக்கும் கடல்தரை எங்கே இருக்கிறது. சைப்ரஸின் லார்னகா அருகே கிடக்கும் செனோபியா கப்பலின் மேற்பகுதி சுமார் 16 மீட்டரில் இருக்கிறது. "அப்போ எனக்கும் சரிதானே?" என்று தோன்றும். ஆனால் தரை 42 மீட்டரில். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் அந்தக் கப்பலை ஒட்டி நீந்தினால், அடுத்த சுவாரசியமான பொருள் எப்போதும் இன்னும் இரண்டு மீட்டர் கீழேதான் இருக்கும். கண் இழுக்கும், உடம்பும் கூடவே போகும்.

காற்றுக் கணக்கையும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பாரை, அதாவது 600 லிட்டரை, தொடாமல் வைக்க வேண்டும். மீதி 1,800. நிதானமான ஒரு புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடுவதால், 20 மீட்டரில் அதே மூச்சு 60 லிட்டர் ஆகிவிடும். 30 நிமிடத்தில் காற்று தீரும். 30 மீட்டரில் 80 லிட்டர், 22 நிமிடம்தான். இறங்குவதும் ஏறுவதும் இதற்குள்ளேயே அடக்கம். பதற்றத்தில் மூச்சு வேகமானால் இதுவும் குறையும். 120 மீட்டர் நீளக் கப்பலை ஒரே டைவில் முழுக்கப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் இந்தக் கணக்கைப் பார்த்ததும் தானாகவே போய்விடும்.

30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மயக்கமும் சேரலாம். லேசான போதை மாதிரி இருக்கும். முடிவெடுக்கும் வேகம் குறையும், அது குறைந்திருப்பதே நமக்குத் தெரியாது. ஆழம் குறைந்த கப்பலில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்க ஏற்ற கப்பல்கள்

என் பட்டியலில் முதலிடம் பாலித் தீவின் துலாம்பென் கரையில் கிடக்கும் லிபர்ட்டிக்குத்தான். 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று இந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை டார்பிடோவால் தாக்கியது. இழுத்துக்கொண்டு போய்த் துறைமுகம் சேர்க்க முயன்றார்கள், முடியவில்லை; துலாம்பெனில் கரையேற்றி விட்டுவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது மெல்லக் கடலுக்குள் சரிந்தது. இன்று சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை சரிவாக இறங்குகிறது.

புதியவருக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. படகு வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். 12 மீட்டரிலேயே திருப்தியாகப் பார்த்துவிட்டு, அதே சரிவில் மெல்ல மேலே ஏறிக்கொண்டே டைவை முடிக்கலாம். கப்பல் நன்றாகவே உடைந்து திறந்திருப்பதால் வெளியே இருந்தபடியே விலா எலும்புகள் போன்ற சட்டங்களையும், அவற்றில் தொங்கும் விசிறிப் பவளங்களையும் பார்க்கலாம். விடியற்காலையில் போனால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் கூட்டத்தைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. கரைதான் கொஞ்சம் சோதிக்கும்: கருப்புக் கூழாங்கற்கள் காலடியில் உருளும், மேலே சிலிண்டர் பாரம், அலை வேறு. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போய் அங்கே மாட்டிக்கொள்ளுங்கள்.

கரீபியன் தீவான அருபாவின் அன்டில்லாவும் தொடக்கத்துக்கு ஏற்றது. ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்த 1940 மே 10 அன்று, டச்சு அதிகாரத்தில் இருந்த அருபா கடலில் நின்ற இந்த ஜெர்மன் சரக்குக் கப்பலை, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அதன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். ஆழம் 18 மீட்டரைத் தாண்டாது.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் சால்ட் தீவை ஒட்டிக் கிடக்கும் ரோன் கப்பல் வேறு ரகம். 1867 அக்டோபர் 29 அன்று புயலில் பாறை மீது மோதி, கொதிக்கும் கொதிகலன்களில் குளிர்ந்த கடல்நீர் புகுந்து வெடித்து, கப்பல் இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில், முன்பகுதி 24 மீட்டர் பக்கம். இதை எப்போதும் இரண்டு டைவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓப்பன் வாட்டர் மட்டும் படித்தவர்கள் பின்பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் குறையொன்றும் இல்லை; பெரிய புரொப்பல்லரே அங்கேதான் இருக்கிறது.

கப்பல் எந்த நிலையில் கிடக்கிறது?

நேராக நிற்கும் கப்பலில் மேல் எது, கீழ் எது என்று மூளைக்குக் குழப்பம் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்த கப்பலில் தரை சுவராகவும் படிக்கட்டு கிடைமட்டமாகவும் ஆகிவிடும். சற்று நேரத்தில் தலை சுற்றுவது போலிருக்கும், சிலருக்குக் குமட்டலும் வரும். அப்படி வந்தால் கப்பலிலிருந்து பார்வையை எடுத்து உங்கள் காற்றுக் குமிழிகள் போகும் திசையைப் பாருங்கள். அவை பொய் சொல்லாது, அதுதான் மேலே.

கிடக்கும் நிலை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். டைவிங்குக்காகவே சுத்தம் செய்து, கதவுகளைக் கழற்றி, வழிகளை வெட்டித் திறந்து மூழ்கடிக்கும் கப்பல்கள் பாதுகாப்பானவை என்று சொல்வது ஓரளவுக்கு உண்மைதான். கரீபியனின் கிராண்ட் கேமன் தீவில் 2011 ஜனவரியில் மூழ்கடிக்கப்பட்ட கிட்டிவேக் அப்படிப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கி மீட்புக் கப்பல் அது. 1986இல் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் பாகங்களைக் கடலிலிருந்து எடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. சுமார் 20 மீட்டர் தரையில் நேராக நின்றது. 2017இல் ஒரு புயலின் அலைவீச்சு அதைச் சாய்த்துப் போட்டுவிட்டது. ஃபுளோரிடாவின் கீ லார்கோ அருகே 2002இல் மூழ்கடித்த ஸ்பீகல் குரோவ் கதை இதற்கு நேரெதிர்: 155 மீட்டர் நீளமுள்ள அது முதலில் கவிழ்ந்து, பிறகு பக்கவாட்டில் படுத்து, 2005இல் டெனிஸ் சூறாவளியின்போது தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆகவே பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். போன வாரம் அங்கே இறங்கியவரிடம் கேளுங்கள்.

அடுத்த கட்டம்: அட்வான்ஸ்டு முடித்தவர்களுக்கு

கரீபியனின் பொனேர் தீவில் கிடக்கும் ஹில்மா ஹூக்கர், சாய்ந்த கப்பலுக்குப் பழக நல்ல இடம். பெருமளவு கஞ்சா ஏற்றி வந்து பிடிபட்ட இந்தச் சரக்குக் கப்பல் 1984 செப்டம்பரில் மூழ்கியது. வலப்பக்கமாகப் படுத்திருக்கிறது, உச்சி 18 மீட்டர் அளவில், தரை 30 மீட்டரில்.

செங்கடலில் ஷாப் அபு நுஹாஸ் பாறையை ஒட்டிக் கிடக்கும் கார்னாட்டிக்கை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் நீராவிக் கப்பல் இது. 1869 செப்டம்பரில், சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, பாறையில் ஏறி நின்றது. வேறு கப்பல் வந்து உதவும் என்று நம்பிப் பயணிகளைக் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். இரண்டாவது இரவும் கழிந்த பிறகு கப்பல் திடீரென்று உடைந்தது. முப்பது பேர் அளவில் இறந்தார்கள். மேல்தளப் பலகைகள் என்றோ மட்கிப்போய்விட, இரும்புக் குறுக்குச் சட்டங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளி வழியே வெளிச்சம் பட்டைபட்டையாக இறங்கும். அந்தப் பட்டைகளுக்குள் கண்ணாடி போன்ற குட்டி மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரும்பும். சட்டங்களின் மேல் சும்மா மிதந்து பத்து நிமிடம் இதைப் பார்த்தாலே போதும்.

அதே செங்கடலில் கிடக்கும் திசில்கார்முக்கு வருவோம். 1941 அக்டோபர் 6 அன்று, சூயஸ் கால்வாய்க்குள் நுழையக் காத்து நங்கூரமிட்டிருந்த இந்தப் பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. பின்பக்கச் சரக்கறையில் இருந்த வெடிமருந்து வெடித்து, மேல்தளத்தில் இருந்த ரயில் எஞ்சின்களையே தூக்கி எறிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். மிச்சமிருக்கும் முன்பக்கச் சரக்கறைகளில் லாரிகளும், பிஎஸ்ஏ, நார்ட்டன் மோட்டார் சைக்கிள்களும் ஏற்றிய வரிசை கலையாமல் நிற்கின்றன. டார்ச் ஒளி படும்போது முதலில் தெரிவது கைப்பிடி. அப்புறம் டயரின் பட்டை. இருக்கையின் தோல் போய் ஸ்பிரிங் மட்டும் நிற்பது கடைசியில்தான் கண்ணுக்குப் பிடிபடும். தரை 30 மீட்டர், மேல்தளம் அதற்குப் பாதி ஆழத்தில். ஆனால் நீரோட்டம் கடுமையாகவும் திடீரென்று மாறுவதாகவும் இருக்கும். படகுகளும் கூட்டமும் அதிகம். நல்ல சேதி என்னவென்றால், சரக்கறைகளின் வாய் மேலே திறந்திருக்கிறது. உள்ளே நுழையாமல், வாயின் மேல் மிதந்தபடி டார்ச்சைக் கீழே பாய்ச்சினாலே நிறையத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடற்கரைக்கு அப்பால் கிடக்கும் யோங்காலா 1911 மார்ச் 23 அன்று புயலில் 122 பேரோடு காணாமல் போனது. ஒருவரும் பிழைக்கவில்லை, 1958இல்தான் கப்பல் அடையாளம் காணப்பட்டது. இதற்குள் நுழையச் சட்டத்திலேயே தடை. அப்படி இருந்தும் உலகின் மிகச்சிறந்த கப்பல் டைவ்களில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். பிரம்மாண்டமான களவா மீன்கள், பாரைக் கூட்டங்கள், ஆமை, கடல்பாம்பு, திருக்கை எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. உள்ளே போனால்தான் கப்பல் டைவ் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கப்பலைக் காட்டினால் போதும்.

இலங்கையில் மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஒரே நாளில் மூழ்கிய இரண்டு கப்பல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில். அட்வான்ஸ்டு முடித்தவர்கள் வழிகாட்டியுடன் போகலாம். விமானம்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் 53 மீட்டரில். அது, பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்கும் தொழில்நுட்ப டைவிங் படித்தவர்களுக்கு மட்டும். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் பிரெசிடென்ட் கூலிட்ஜும் ஏமாற்றும். முன்பகுதி 20 மீட்டர் பக்கம் தொடங்கினாலும் பின்பகுதி 70 மீட்டர் வரை சரிந்து போகிறது. அனுபவம் கூடட்டும், கப்பல் எங்கும் போய்விடாது.

கிளம்பும் முன்

மிதப்புக் கட்டுப்பாடு சரியாக வராதவரை கப்பல் பக்கம் போக வேண்டாம் என்பேன். எதையும் தொடாமல், கையால் துழாவாமல், ஒரே ஆழத்தில் சில நிமிடம் நிற்க முடிகிறதா? முடியும் என்றால் தவளை உதையைப் பழகுங்கள். முழங்காலை மடித்து, பாதத்தைப் பின்னோக்கித் தள்ளும் அந்த உதையில் தண்ணீர் கீழே போகாது. கடல்தரைச் சேறு கிளம்பாது. சாதாரண மேல்கீழ் உதை, உங்களுக்குப் பின்னால் வருபவரின் டைவையே கெடுத்துவிடும்.

உடம்பை முழுக்க மூடும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போடுங்கள். குளிருக்காக அல்லாமல், துருப்பிடித்த விளிம்புகளுக்கும், தொட்டால் எரியும் தீப்பவளத்துக்கும் பயந்து சொல்கிறேன். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். இரும்போடு ஒட்டிக்கிடக்கும் கல்மீனும், நிழலில் தொங்கும் சிங்கமீனும் விஷமுள்ளவை. பிடிமானத்துக்குக் கை நீட்டும் பழக்கமே வேண்டாம். பகலானாலும் டார்ச் வேண்டும். அதில்லாமல் எல்லாம் சாம்பல்நீலமாகத்தான் தெரியும், ஒளி பட்டால்தான் பவளத்தின் சிவப்பும் மஞ்சளும் வரும். கப்பல்களில் மீன்வலையும் தூண்டில் நரம்பும் சிக்கிக் கிடக்கும் என்பதால் வெட்டும் கருவி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், மேற்பரப்பில் நம்மைக் காட்டும் ஊதுபை இரண்டும் கட்டாயம்.

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றான நைட்ராக்ஸுக்குப் படிப்பு இருந்தால் 20 முதல் 30 மீட்டர் கப்பல்களில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் அது ஆழமாகப் போகும் அனுமதி கிடையாது. 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு எல்லை 33 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது.

அன்றைய டைவ்

இறங்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நாம் பிடித்து இறங்கும் கயிறு கப்பலின் எந்தப் பகுதியில் கட்டியிருக்கிறது? நீரோட்டம் எந்தப் பக்கம்? எத்தனை பாரில் திரும்புகிறோம்? கப்பலின் வரைபடத்தை மனதில் பதிய வையுங்கள். முன்பகுதி எது, சரக்கறைகள் எங்கே, எஞ்சின் அறை எங்கே என்று தெரிந்து இறங்குபவருக்குத்தான் அது கப்பலாகத் தெரியும். மற்றவருக்கு இரும்புக் குவியல்.

கயிற்றை ஒட்டியே இறங்குங்கள். கப்பலை அடைந்ததும் உடனே நீந்தத் தொடங்காமல், கயிறு கட்டியிருக்கும் இடத்தைத் திரும்பி ஒருமுறை நன்றாகப் பாருங்கள்; பக்கத்தில் இருக்கும் வின்ச் (பாரம் இழுக்கும் சுழலி), உடைந்த கம்பம் என ஏதாவது ஒரு அடையாளம். திரும்பும்போது அதைத்தான் தேடப் போகிறீர்கள். ஆழமான பகுதியை முதலில் பாருங்கள், நீரோட்டத்தை எதிர்த்து முதலில் போங்கள். வரும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ஓட்டம் பலமாக இருந்தால் கப்பலின் மறைவுப் பக்கத்துக்கு மாறிவிடுங்கள். அங்கே ஆச்சரியமான அமைதி இருக்கும். 100 பார் காட்டும்போதே கயிற்றை நோக்கித் திரும்புங்கள். கூட வருபவருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்தால் அதுதான் இருவருக்கும் கணக்கு.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்தபடி கொடி மாதிரி பறப்பீர்கள். பிடியை மட்டும் விடாமல், மூச்சைச் சீராக வையுங்கள்.

உள்ளே போவது பற்றி

திறந்த கதவு எல்லோரையும் கூப்பிடும். அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அறைகளின் அடியில் பல ஆண்டுச் சேறு மாவு போலப் படிந்திருக்கும். ஒரே ஒரு தவறான உதையில் அது எழும்பினால், சில நொடிகளில் டார்ச் ஒளியே தெரியாது. ஒன்றையும் தொடாவிட்டாலும் நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் மோதி, துருச்செதில்களை உதிர்த்து மேலிருந்து கொட்டச் செய்யும். வந்த வழி மறைந்துபோகும். வெளியே என்றால் எந்தப் பிரச்சினைக்கும் மேலே போவது ஒரு தீர்வு. உள்ளே மேலே இருப்பது இரும்பு.

இதற்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. வழிகாட்டு நூலைச் சுருளிலிருந்து விட்டுக்கொண்டே போவது, இருட்டில் அதைத் தொட்டுத் திரும்புவது, காற்றை மூன்றாகப் பிரிப்பது எல்லாம் அதில் உண்டு: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு அவசரத்துக்கு. பயிற்சி முடித்த பிறகும் இயற்கை வெளிச்சம் தெரியும் தூரத்தைத் தாண்ட வேண்டாம். பயிற்சி எடுக்கும் வரை, வழிகாட்டி "வாங்க, ஒன்றும் ஆகாது" என்று அழைத்தாலும் தலையசைத்து மறுத்துவிடுங்கள். அவர் உங்களுக்காக வெளியே சுற்றிவருவார், அதுதான் அவர் வேலை.

எதையும் எடுத்து வராதீர்கள்

ஒரு பீங்கான் துண்டு, ஒரு பித்தளைத் திருகு என்று ஆளுக்கொன்று எடுத்தே பல கப்பல்கள் வெறும் கூடாகிவிட்டன. நூறு ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் இருக்கும் சின்னங்களைப் பாதுகாக்க 2001இல் யுனெஸ்கோ ஒரு உடன்படிக்கையே கொண்டுவந்தது. பல நாடுகளில் பொருள் எடுப்பது குற்றம். போர்க்காலக் கப்பல்களில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன, தொடவே கூடாது. இதற்கெல்லாம் மேலே, இவற்றில் பல மனிதர்கள் இறந்த இடங்கள். எலும்பு என்று சந்தேகம் வரும் எதையும் கிளறவோ படம் எடுத்துக் காட்டவோ வேண்டாம்.

பயணத்தைத் திட்டமிடும்போது கப்பல் டைவ்களை முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், தொடர்ந்து பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. வானிலை கெட்டால் மாற்றிப்போடவும் கையில் நாள் இருக்கும்.